மாவட்டத்துக்கு 5ஜி வந்தாச்சு; ஊருக்கு எப்போது?

(கிளைப் பொறுப்பாளர்களுக்கான பயிலரங்கில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம். படிக்கும் வசதிக்காகச் சில இடங்களில் மட்டும் சுருக்கப்பட்டுள்ளது.)



செல்போன் கம்பெனிகளின் அதிவேக இணையத்தை ஒப்பிட்டுப் பேசச் சொல்லி எனக்குப் பணித்திருக்கிறார்கள். ஊருக்குள் போனால் எல்லாரும் கேட்கிற கேள்வியும் இதுதான். “ஜியோ போடலாமா, ஏர்டெல் போடலாமா?” இந்தக் கேள்விக்கு யூடியூபில் ஆயிரம் பேர் பதில் சொல்கிறார்கள். ஒரு போனைக் கையில் வச்சுக்கிட்டு, சென்னை மவுண்ட் ரோட்டில் நின்று, “பாருங்க, 600 எம்பிபிஎஸ் வருது”ன்னு காட்டுறாங்க. மவுண்ட் ரோட்டில் வரும் தோழர்களே. மவுண்ட் ரோட்டில் வராமல் வேறெங்கே வரும்?

நான் ஒப்பிடப் போவது அந்த வேகத்தை அல்ல. யார் எங்கே முதலில் போனார்கள், எங்கே இன்னும் போகவில்லை, ஏன் என்பதைத்தான்.

2022 ஜூலை 26-ஆம் தேதி 5ஜி அலைக்கற்றை ஏலம் தொடங்கியது. ஆகஸ்ட் 1-ஆம் தேதி முடிந்தது. மொத்தம் ஒரு லட்சத்து ஐம்பதாயிரம் கோடி ரூபாய்க்கு மேல் ஏலம் போனது. ஜியோ மட்டும் 88,078 கோடிக்கு எடுத்தது. ஏர்டெல் சுமார் 43,000 கோடி. வோடபோன் ஐடியா, இப்போது ‘வி’ என்கிறோமே அது, சுமார் 18,800 கோடி. பணத்தை ஒரே நாளில் கட்ட வேண்டியதில்லை. 20 ஆண்டுத் தவணை. நம்ம ஊரில் டிராக்டர் கடனுக்கு இந்தச் சலுகை கிடைக்குமா என்று கேட்காதீர்கள், அது வேறு கூட்டத்தில் பேசுவோம்.

இந்த எண்களைப் பார்த்துவிட்டு ஜியோ பெரிய கை, அதனால் அதிகம் கொடுத்தது என்று போய்விடக் கூடாது. ஜியோ செலவழித்ததில் கிட்டத்தட்ட பாதி, 39,270 கோடி, 700 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசைக்குப் போனது. ஏர்டெல் அதைத் தொடவே இல்லை. இங்கேதான் இரண்டு கம்பெனிகளின் கணக்கும் பிரிகிறது.

அலைவரிசை என்றால் என்ன என்பதற்கு ஒரு எளிய உதாரணம் சொல்கிறேன். ஊர்த் திருவிழாவில் ஸ்பீக்கர் கட்டுகிறார்கள். பக்கத்தில் நின்றால் பாட்டு முழுசாகக் கேட்கும். ஒரு கிலோமீட்டர் தள்ளி வயலில் நின்றால் பாட்டின் வார்த்தை கேட்காது. “டம் டம்” என்று அந்த அடி மட்டும் கேட்கும். கதவைச் சாத்தினாலும் அந்த அடி உள்ளே வரும். தாழ்ந்த அலைவரிசை தூரம் போகும், சுவரைத் தாண்டும். உயர்ந்த அலைவரிசை நிறைய விஷயத்தைச் சுமக்கும், ஆனால் சீக்கிரம் களைத்துப்போகும். கைப்பேசியிலும் கிட்டத்தட்ட இதே கதைதான். 700 மெகாஹெர்ட்ஸ் தூரமாக ஓடும் குதிரை. 3,300 மெகாஹெர்ட்ஸ், அதாவது இப்போது 5ஜி என்று பெரும்பாலும் ஓடுவது, நடுத்தரம். 26 கிகாஹெர்ட்ஸ் சில நூறு மீட்டரிலேயே நின்றுவிடும்.

அடுத்த வித்தியாசம், வலைப்பின்னலைக் கட்டிய விதம். ஏர்டெல் தன்னிடம் ஏற்கெனவே இருந்த 4ஜி கட்டமைப்பின் மேலேயே 5ஜி ஆன்டெனாவைப் பொருத்தியது. பழைய ரோட்டையே அகலப்படுத்தின மாதிரி. செலவு குறைவு, வேலை சீக்கிரம் முடியும், பெரும்பாலான போன்களிலும் உடனே வேலை செய்யும். ஜியோ 5ஜிக்கென்று தனி மையக் கட்டமைப்பு வைத்துப் புது பைபாஸ் போட்டது. அது 4ஜியை நம்பி நிற்காது. எது உசத்தி என்று சண்டை போட வேண்டாம். பொறியியல் ரீதியாக இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. கையில் இருக்கிற காசுக்கும் சொத்துக்கும் தகுந்தபடி அவரவர் முடிவெடுத்தார்கள்.

சரி, எடுத்த அலைக்கற்றையை எங்கே போட்டார்கள்?

2022 அக்டோபர் 1-ஆம் தேதி டெல்லியில் பிரதமர் 5ஜியைத் தொடங்கி வைத்தார். ஏர்டெல் முதல் எட்டு நகரங்களில் ஆரம்பித்தது. அதில் சென்னை இருந்தது. ஜியோ முதலில் டெல்லி, மும்பை, கொல்கத்தா, வாரணாசி என்று தொடங்கி, அக்டோபர் 22-இல் சென்னைக்கு வந்தது. 2023 ஜனவரியில் கோவை, மதுரை, திருச்சி, சேலம், ஓசூர், வேலூர் ஆகிய ஊர்களுக்கு ஜியோ 5ஜி வந்தது. இந்தப் பட்டியலைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பாருங்க. ஐந்து மாவட்டத் தலைநகரங்கள், நடுவில் ஒரு ஓசூர். ஓசூர் மாவட்டத் தலைநகரம் இல்லை. ஆனால் அங்கே தொழிற்சாலை இருக்கிறது, சம்பளம் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள், பக்கத்தில் பெங்களூரு இருக்கிறது. வியாபாரிக்குக் கண் எங்கே போகுமோ அங்கே போயிருக்கிறது. அதைத் தப்பென்று சொல்லவில்லை. வியாபாரி வியாபாரம்தான் பார்ப்பான்.

தப்பு எங்கே நடக்கிறது என்றால், அதற்குப் பிறகு அரசாங்கம் கணக்குச் சொல்கிற விதத்தில். நாட்டின் 99 விழுக்காட்டுக்கும் மேலான மாவட்டங்களில் 5ஜி வந்துவிட்டது என்கிறார்கள். கேட்க நன்றாக இருக்கிறது. உலகத்திலேயே மிக வேகமாக நடந்த விரிவாக்கங்களில் இதுவும் ஒன்று. அந்தப் பொறியாளர்களின், கோபுரத்தில் ஏறிய தொழிலாளர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் ‘மாவட்டம்’ என்பது என்ன அளவுகோல்? ஓசூரில் ஒரு கோபுரத்தில் 5ஜி எரிந்த அன்றைக்கே கிருஷ்ணகிரி மாவட்டம் இந்தக் கணக்கில் ஏறிவிடும். அஞ்செட்டிப் பக்கம் காட்டோரம் இருக்கிற மலைக்கிராமங்களும் அதே கிருஷ்ணகிரி மாவட்டம்தானே? ஈரோடு நகரமும் ஈரோடு மாவட்டம்தான், பர்கூர் மலையும் ஈரோடு மாவட்டம்தான். கலெக்டர் ஆபீஸ் வாசலில் மழை பெய்தால் மாவட்டம் முழுக்க மழை பெய்ததாக எழுதுவோமா? தாலுகாவுக்குத் தாலுகா மழைமானி வைத்து அளக்கிறோம் இல்லையா? மழைக்கு இருக்கிற நேர்மை சிக்னலுக்கு ஏன் இல்லை?

இதை நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், சிக்னல் இப்போது சினிமா பார்க்கிற விஷயமாக மட்டும் இல்லை. நூறு நாள் வேலைக்குப் போன தாய்மார்கள் இங்கே நிறையப் பேர் இருக்கீங்க. 2023 ஜனவரி 1 முதல் அந்த வேலையில் வருகைப் பதிவு கைப்பேசிச் செயலி வழியாக என்று ஆக்கினார்கள். ஒரு நாளைக்கு இரண்டு தடவை போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். சிக்னல் இல்லாத வேலைத்தளத்தில் என்ன ஆகும்? வெயிலில் மண் வெட்டியது உண்மை, வியர்வை உண்மை, ஆனால் படம் ஏறவில்லை என்றால் வருகை இல்லை. வருகை இல்லை என்றால் கூலி இல்லை. இப்படிக் கூலி போனதாக நாடு முழுக்கப் புகார் வந்தது. ரேஷன் கடையில் கைரேகை வைத்துவிட்டு, அந்த மெஷின் சுத்திக்கிட்டே இருக்க, “சர்வர் வரல, நாளைக்கு வாங்கம்மா”ன்னு திரும்பி வராத ஆள் இந்தக் கூட்டத்தில் உண்டா? அங்கன்வாடித் தங்கைகள் குழந்தையின் எடையைக் கூட செயலியில்தான் ஏற்றுகிறார்கள். 2020 ஊரடங்கில் ஆன்லைன் வகுப்புக்காகப் பிள்ளைகள் பாறை மேலேயும் மரத்து மேலேயும் ஏறி உட்கார்ந்த படங்களைப் பத்திரிகையில் பார்த்தோம்.

உரிமைகளைக் கைப்பேசிக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, கைப்பேசிக்கு சிக்னல் வருகிறதா என்பதை மட்டும் சந்தையிடம் விட்டுவிட்டார்கள். இதுதான் என் பேச்சின் மையம். மற்றதெல்லாம் இதைச் சுற்றித்தான்.

இப்போது மூன்றாவது கம்பெனிக்கு வருவோம். வி என்ன ஆனது? ஜியோவும் ஏர்டெலும் 2022-இல் தொடங்கிய 5ஜியை வி 2025 மார்ச்சில்தான் மும்பையில் தொடங்கியது. இரண்டரை வருஷம் தாமதம். காரணம் தொழில்நுட்பம் இல்லை, கடன். 2019 அக்டோபரில் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் பழைய பாக்கித் தொகை மொத்தமாகத் தலையில் விழுந்தது. கட்ட முடியவில்லை. கடைசியில் பாக்கியை அரசே பங்காக மாற்றிக்கொண்டது. 2023-இல் ஒரு தடவை, 2025-இல் 36,950 கோடிக்கு இன்னொரு தடவை. இன்றைக்கு அந்தக் கம்பெனியில் கிட்டத்தட்ட 49 விழுக்காடு மத்திய அரசிடம் இருக்கிறது. கேட்கவே வேடிக்கையாக இருக்கும். தனியார் கம்பெனியில் அரசுக்குப் பாதி. ஆனால் நடத்துவது தனியார்.

ஒரு கம்பெனி விழுந்தால் நமக்கென்ன என்று நினைக்கிறவர்களுக்கு 2018 பிப்ரவரியை நினைவுபடுத்துகிறேன். ஏர்செல்! தமிழ்நாட்டில் வேரூன்றிய கம்பெனி. கிராமத்தில் பாதிப் பேர் கையில் ஏர்செல் நம்பர். திடீரென்று ஒருநாள் சிக்னல் இல்லை. பேங்க் ஓடிபி வராது, கேஸ் புக் பண்ண முடியாது. நம்பரை மாற்ற வேற கம்பெனிக் கடை வாசலில் ஜனங்கள் வரிசை கட்டி நின்றார்கள். போட்டி குறைந்தால் என்ன நடக்கும் என்பதை நாடே படிப்பதற்கு முன்னால் தமிழ்நாடு படித்துவிட்டது.

இன்று கைப்பேசி இணையச் சந்தையில் 80 விழுக்காட்டுக்கு மேல் இரண்டே கம்பெனிகளிடம் இருக்கிறது. அதன் விளைவு 2024 ஜூலையில் தெரிந்தது. ஒரே வாரத்தில் மூன்று தனியார் கம்பெனிகளும் கட்டணத்தை உயர்த்தின. அதுவரை ஜியோவில் 239 ரூபாய் போட்டால் 5ஜி அளவில்லாமல் கிடைத்தது. உயர்வுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 2 ஜிபி தருகிற திட்டம், அதாவது 28 நாளுக்கு 349 ரூபாய் போட்டால்தான் அந்தச் சலுகை. ஏர்டெலும் அதே மாதிரி 2 ஜிபி கோட்டைப் போட்டது. கோபுரம் இருக்கிறது, அலை இருக்கிறது, போனும் 5ஜி போன். ஆனாலும் உங்களுக்கு 5ஜி உண்டா என்பதை ரீசார்ஜ் தொகை முடிவு பண்ணுது. ஆக, ‘வந்தாச்சு’ என்கிற வார்த்தைக்கு இரண்டு கதவு. ஒன்று ஊரில், ஒன்று பையில்.

அப்போது ஜனங்கள் எங்கே ஓடினார்கள் தெரியுமா? பி.எஸ்.என்.எல்.லுக்கு! அந்த ஒரு மாதத்தில் மட்டும் சுமார் 29 லட்சம் பேர் கூடுதலாகச் சேர்ந்தார்கள். விளம்பரம் எதுவும் இல்லாமல். ஆனால் வந்தவர்களுக்குக் கொடுக்க அதனிடம் நாடு தழுவிய 4ஜி கூட இல்லை. சில மாதத்தில் அந்த அலை அடங்கிவிட்டது. வந்தவர்களைக் குறை சொல்ல முடியுமா?

பி.எஸ்.என்.எல். பற்றிப் பேசும்போது எனக்குக் கொஞ்சம் கோபம் வரும், மன்னிக்கணும். இந்த நாட்டில் 3ஜியை முதலில் கொண்டுவந்தது பொதுத்துறைதான். தனியாருக்கு 3ஜி ஏலமே 2010-இல்தான் நடந்தது; அதற்கு முன்னாலேயே பி.எஸ்.என்.எல். 3ஜி கொடுத்தது. முதலில் ஓடியவன் எப்படிக் கடைசியில் வந்தான்? ஏர்டெல் 2012-இல் கொல்கத்தாவில் 4ஜி தொடங்கியது. ஜியோ 2016 செப்டம்பரில் நாடு முழுக்க 4ஜியோடு இறங்கியது, அதுவும் முதல் சில மாதம் இலவசமாக. பி.எஸ்.என்.எல்.லுக்கு 4ஜி அலைக்கற்றை ஒதுக்க மத்திய அமைச்சரவை ஒப்புக்கொண்டதே 2019 அக்டோபரில். அந்த மறுசீரமைப்பிலேயே விருப்ப ஓய்வு என்று 78,000 பேருக்கு மேல் வெளியே போனார்கள். 2020-இல் கருவிக்கு டெண்டர் விட்டார்கள். சில மாதத்தில் ரத்து. பிறகு உள்நாட்டுத் தொழில்நுட்பம்தான் வாங்க வேண்டும் என்றார்கள். அந்தத் தொழில்நுட்பம் முழுமையாக வந்து சேர்வதற்குள் ஆண்டுகள் ஓடின. 2025 செப்டம்பர் 27-இல் ஒடிசாவில் வைத்துத்தான் பிரதமர் அந்த 4ஜியை நாட்டுக்கு அறிவித்தார். 97,500-க்கும் மேற்பட்ட கோபுரங்கள், சுமார் 37,000 கோடி ரூபாய்.

உள்நாட்டிலேயே 4ஜி கட்டமைப்பை உருவாக்கியது சாதனைதான். உலகத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய நாடுகளிடம்தான் அது இருக்கிறது. மனசாரப் பாராட்டுவோம். ஆனால் ஏர்டெல் எரிக்சனிடமும் நோக்கியாவிடமும் சாம்சங்கிடமும் வாங்கிக்கொண்டு ஓடலாம், ஜியோவும் தன் 5ஜி கோபுரத்துக்கு எரிக்சன், நோக்கியா கருவியை வாங்கலாம், பொதுத்துறை மட்டும் நாட்டுப்பற்றுக்காகக் காத்திருக்க வேண்டும் என்றால், அந்தக் காத்திருப்பின் விலையை யார் கொடுத்தது? பி.எஸ்.என்.எல். ஊழியரும், பி.எஸ்.என்.எல். சிம் மட்டும் எடுக்கிற ஊரில் இருக்கிற மனுஷனும் கொடுத்தார்கள். அதற்கு இழப்பீடு எந்த பட்ஜெட்டிலும் வரவில்லை.

இன்னொன்றையும் பாருங்க. 2022 ஜூலையில், 4ஜி எட்டாத 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொண்டுபோக 26,316 கோடியில் ஒரு திட்டம் போட்டார்கள். யாரிடம் கொடுத்தார்கள்? பி.எஸ்.என்.எல்.லிடம்தான். லாபமுள்ள ஊர் ஏலத்துக்கு, லாபமில்லாத மலை பொதுத்துறைக்கு. அப்புறம் பொதுத்துறை நஷ்டத்தில் ஓடுகிறது என்று தலையங்கம்.

முன்வரிசையில் இருக்கிற தம்பி ரொம்ப நேரமாகக் கையைத் தூக்கிட்டு இருக்கார். என்ன தம்பி? “அப்ப எந்த சிம்தான் வாங்குறது?” (சிரிப்பு)

நியாயமான கேள்வி. யார் விளம்பரத்தையும் நம்ப வேண்டாம், என் பேச்சையும் நம்ப வேண்டாம். டிராய், அதாவது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம், 2024-இல் புதிய தரவிதிகள் கொண்டுவந்தது. அதன்படி ஒவ்வொரு கம்பெனியும் தன் இணையதளத்தில் 2ஜி, 4ஜி, 5ஜி எங்கெங்கே கிடைக்கும் என்று வரைபடம் போட்டே ஆக வேண்டும். அதில் உங்க ஊரைத் தேடுங்க. வர்ணம் அடிச்சிருக்கும். அடிச்ச இடத்தில் நிஜமாக வருகிறதா என்று வீட்டுக்குள் நின்று பாருங்க. மொட்டை மாடியில் நின்று பார்க்காதீங்க. டிராயின் ‘மைஸ்பீடு’ செயலியில் அளந்து பாருங்க. காலையில் ஒரு தடவை, எல்லாரும் வீட்டுக்கு வந்து போனைத் திறக்கிற ராத்திரி எட்டு மணிக்கு ஒரு தடவை. எட்டு மணிக்கு எது நிக்குதோ அதுதான் உங்க ஊருக்கு நல்ல சிம். பக்கத்து ஊருக்கு வேற பதில் வரலாம்.

அதே விதிகளில் இன்னொரு பயனுள்ள அம்சம். ஒரு மாவட்டத்தில் ஒரு கம்பெனியின் சேவை 24 மணி நேரத்துக்கு மேல் முடங்கினால், மாதக் கட்டணக்காரருக்குக் கழிவும் ரீசார்ஜ்காரருக்குக் கூடுதல் நாளும் தர வேண்டும். புயல், வெள்ளம் மாதிரி இயற்கைப் பேரிடர் என்றால் இது பொருந்தாது. இங்கேயும் பாருங்க, ‘மாவட்டம்’! ஒரு மலைக்கிராமம் பத்து நாள் இருட்டில் கிடந்தாலும் மாவட்டம் நன்றாக இருந்தால் இழப்பீடு இல்லை. ஒன்றியம் அல்லது ஊராட்சி அளவில் இதை மாற்ற வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் முதலாவது.

அடுத்தது, கோபுரத்தைப் பகிர்வது. அரசு நிதியில் அமைந்த கோபுரங்களில் ஒரு கம்பெனியின் சிக்னலை மற்ற கம்பெனிக்காரரும் பயன்படுத்தலாம் என்று 2025 ஜனவரியில் ஒரு ஏற்பாடு வந்தது. சுமார் 27,000 கோபுரங்களுக்கு. நல்ல ஏற்பாடு. மக்கள் வரிப்பணத்தில் நிற்கிற கோபுரம் எந்த சிம்முக்கும் பேசட்டும். காட்டோர, மலையோரக் கிராமங்களில் தனியார் கோபுரத்துக்கும் இதை விரிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஒரே மலையில் மூன்று கோபுரம் வேண்டாம். ஒன்று ஒழுங்காக இருந்தால் போதும்.

கம்பியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோபுரம் வைத்தால் மட்டும் 5ஜி ஓடாது. கோபுரத்தின் அடியில் ஃபைபர் வர வேண்டும். வீட்டில் பெரிய தொட்டி கட்டிவிட்டு அரை இஞ்ச் குழாய் போட்டால் என்ன ஆகும்? பல இடங்களில் அதுதான் நிலைமை. போனில் மேலே 5ஜி என்று காட்டும், உள்ளே சுத்திக்கிட்டே இருக்கும். தமிழ்நாட்டில் 12,525 ஊராட்சிகளுக்கும் ஃபைபர் கொண்டுபோகும் திட்டம் இருக்கிறது. உங்க ஊராட்சி அலுவலகத்துக்கு அது வந்திருக்கிறதா, வந்தது எரிகிறதா, இல்லை சுவரில் பெட்டி மட்டும் தொங்குகிறதா என்று போய்ப் பாருங்கள். அதில் மாநில அரசையும் கேள்வி கேட்கலாம். கேட்கணும்.

பி.எஸ்.என்.எல்.லுக்கு 5ஜி பணமும் ஆட்களும் காலத்தோடு கொடுக்க வேண்டும் என்பது எல்லாவற்றுக்கும் மேலே. 4ஜிக்கு நடந்தது 5ஜிக்கும் நடந்தால், 6ஜி வரும்போது பேசுவதற்குப் பொதுத்துறை என்று ஒன்று இருக்காது. மலிவாக ஒரு கம்பெனி பக்கத்தில் இருக்கிறது என்கிற பயம்தான் மற்ற இரண்டு பேரின் கட்டணத்துக்கும் கடிவாளம்.

இப்போ வேலை. வாசலில் வெளியே போகும்போது ஒரு தாள் கொடுப்பார்கள். ஒவ்வொரு கிளையும் தன் ஊரில் மூன்று இடத்தில் அளக்க வேண்டும்: ரேஷன் கடை, பள்ளிக்கூடம், ஊரின் கடைசி வீடு. மூன்று இடத்திலும் நாலு கம்பெனி சிம், காலையும் இரவும். சிக்னல் வரவில்லை என்றால் ‘இல்லை’ என்று எழுதுங்க, காலியாக விடாதீங்க. கம்பெனி வரைபடத்தில் அந்த இடம் என்ன என்று காட்டுகிறதோ அதையும் பக்கத்தில் எழுதுங்க. இரண்டும் ஒத்துப்போகாத ஊர்களின் பட்டியலை அடுத்த கிராம சபையில் வைத்துத் தீர்மானமாக்குவோம்; நகல் கலெக்டருக்கும் டிராய்க்கும் போகும். சிம் நாலும் ஒரே ஆளிடம் இருக்காது, பக்கத்து வீட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். அவர் எந்தக் கட்சியாக இருந்தாலும் பரவாயில்லை, அவருக்கும் சிக்னல் இல்லைதானே.

தாள்களை இந்த மாதக் கடைசிக்குள் ஒன்றியப் பொறுப்பாளரிடம் சேர்த்துவிடுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பலாம், சிக்னல் இருந்தால்.